எத்தனை சீட்? தேர்தல் கருத்துக்கணிப்புகள் எங்கே தவறுகின்றன, எதற்குப் பயன்படும்

2024 ஜூன் 1, சனிக்கிழமை. நாடாளுமன்றத் தேர்தலின் ஏழாவது, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு அன்று மாலை முடிந்தது. ஆறரை மணிக்கு எல்லாச் சேனல்களிலும் எக்சிட் போல், அதாவது ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்களிடம் கேட்டுச் சொல்லும் கணிப்பு, ஓட ஆரம்பித்தது. தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்று பெரும்பாலான நிறுவனங்கள் சொல்லின. ஆக்சிஸ் மை இந்தியா 361 முதல் 401 வரை என்றது. டுடேஸ் சாணக்யா 400 என்றது. ஏப்ரல் 19ஆம் தேதியே வாக்களித்துவிட்டு ஆறு வாரமாகக் காத்திருந்த தமிழ்நாட்டு மக்களுக்கும் முதல் தகவல் இதுதான்.

திங்கட்கிழமை பங்குச் சந்தை திறந்ததும் வாங்குவதற்குப் போட்டி. மும்பைச் சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸ் ஒரே நாளில் சுமார் 2,500 புள்ளி ஏறியது. செவ்வாய்க்கிழமை வாக்கு எண்ணிக்கை. தே.ஜ. கூட்டணிக்கு 293, பா.ஜ.க.வுக்குத் தனியாக 240. சென்செக்ஸ் 4,390 புள்ளி சரிந்து முடிந்தது. முதலீட்டாளர்களின் சொத்து மதிப்பில் 30 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் ஒரே நாளில் கரைந்ததாகச் செய்திகள் வந்தன. எக்சிட் போலை நம்பி திங்கட்கிழமை வாங்கி, பயந்துபோய் செவ்வாய்க்கிழமை விற்ற சிறு முதலீட்டாளர்களின் இழப்பை யாரும் ஈடுகட்டவில்லை. இதை நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரிக்க வேண்டும் என்று ராகுல் காந்தி இரண்டு நாள் கழித்துக் கேட்டார். ஆக்சிஸ் நிறுவனத்தின் தலைவர் பிரதீப் குப்தா எண்ணிக்கை நாளன்று நேரலையில் கண்கலங்கியதை நாடே பார்த்தது.

இத்தனைக்கும் அது வாக்குப்பதிவு முடிந்தபின் வந்த கணிப்பு. ஒரு ஓட்டைக்கூட அது மாற்றியிருக்க முடியாது. அப்படிப்பட்ட கணிப்பே இவ்வளவு பணத்தைப் புரட்டிப் போடுகிறது என்றால், தேர்தலுக்கு முன்னால் வரும் கணிப்புகள் கூட்டணிப் பேச்சுகளிலும் வேட்பாளர் தேர்விலும் தொண்டர்களின் மனநிலையிலும் என்னவெல்லாம் செய்யும் என்று யோசித்துப் பார்க்கலாம். கருத்துக்கணிப்பை மொத்தமாகத் தடை செய்ய வேண்டும் என்ற குரல் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் எழுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிக்கல் மக்களிடம் போய்க் கருத்துக் கேட்பதில் இல்லை. கேட்டதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு ‘எத்தனை சீட்’ என்ற ஒரே எண்ணாகச் சுருக்குவதிலும், அந்த எண் எப்படி வந்தது என்பதை மறைப்பதிலும் இருக்கிறது.

ஆயிரம் பேரிடம் கேட்டால் போதுமா?

நம்மில் பலருக்கு இருக்கும் சந்தேகம் இது: ‘என்கிட்ட யாருமே வந்து கேக்கலையே, அப்புறம் எப்படி இது மக்கள் கருத்து?’ நியாயமான கேள்விதான். ஆனால் புள்ளியியல் இதற்கு நேரான பதில் வைத்திருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வதன் அடிப்படையும் அதேதான். ஆட்களைக் குலுக்கல் முறையில், யாருக்கும் கூடுதல் குறைச்சல் இல்லாமல் பொறுக்கியெடுத்தால், ஆயிரம் பேரின் பதில் ஏறக்குறைய மூன்று சதவீதப் புள்ளி கூடுதல் குறைவுக்குள் மொத்த மக்களின் பதிலோடு ஒத்துப்போகும். மொத்த மக்கள் ஒரு கோடியா பத்துக் கோடியா என்பது இந்தக் கணக்கை அநேகமாகப் பாதிக்காது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அந்த மூன்று புள்ளி ஒவ்வொரு கட்சியின் எண்ணுக்கும் தனித்தனியாகப் பொருந்தும். இரண்டு கட்சிகளுக்கு இடையிலான இடைவெளி என்று வரும்போது பிழை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ‘நான்கு புள்ளி முன்னிலை’ என்று சேனல் சொல்வது பல நேரம் ஒன்றும் சொல்லாததற்குச் சமம். இன்னொன்று, குலுக்கல் முறையில் எடுத்தால்தான் இதெல்லாம். எடுத்த விதம் கோணலாக இருந்தால் எத்தனை லட்சம் பேரைக் கேட்டாலும் கோணல் நிமிராது.

அதற்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. அதை வைத்து, அதிபர் ரூஸ்வெல்ட்டை ஆல்ஃப் லாண்டன் தோற்கடிப்பார் என்று அறிவித்தது. அப்போதிருந்த 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். பத்திரிகை முகவரி எடுத்தது பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியலிலிருந்தும். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அவை வசதி உள்ளவர்களின் பட்டியல்கள். அதோடு, பதில் அனுப்ப மெனக்கெட்டவர்கள் ஒரு ரகம், மெனக்கெடாதவர்கள் இன்னொரு ரகம். அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் அதைவிட மிகக் குறைவான பேரிடம் கேட்டு ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொன்னார். நவீனக் கருத்துக்கணிப்புத் தொழில் அங்கிருந்துதான் எழுந்தது.

88 வருடம் கழித்து நம் நாட்டில் ஆக்சிஸ் நிறுவனம் பேசியதாகச் சொன்னது சுமார் 5.8 லட்சம் பேரிடம். ‘இவ்வளவு பேரைக் கேட்டிருக்கிறோம்’ என்பதே பெரிய விளம்பரமாக இருந்தது. எண்ணிக்கையைக் காட்டி நம்பிக்கை கேட்கும் எந்தக் கணிப்பையும் பார்த்தால் எனக்கு லிட்டரரி டைஜஸ்ட்தான் ஞாபகம் வருகிறது.

ஓட்டிலிருந்து சீட்டுக்கு

இனிமேல்தான் இந்தியக் கணிப்புகளின் உண்மையான தலைவலி. களத்தில் கேட்டுக் கிடைப்பது வாக்கு சதவீதம் மட்டும். சீட் எண்ணிக்கையை யாரும் களத்திலிருந்து எடுத்து வருவதில்லை. அது அலுவலகத்தில் போடும் கணக்கு. தமிழ்நாடு முழுக்க 10,000 பேரிடம் கேட்டால்கூட 234 தொகுதிக்குப் பிரித்துப் பார்த்தால் தொகுதிக்கு 43 பேர்தான். அதை வைத்து எந்தத் தொகுதியைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது. அதனால் போன தேர்தலின் தொகுதிவாரி முடிவை எடுத்துக்கொண்டு, இந்தக் கட்சிக்கு மாநில அளவில் இத்தனை புள்ளி ஏறியிருக்கிறது, அந்தக் கட்சிக்கு இறங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு தொகுதியிலும் கூட்டிக் கழித்துப் பார்க்கிறார்கள். 1980களில் பிரணாய் ராய், அசோக் லாகிரி, பிரிட்டனின் தேர்தல் ஆய்வாளர் டேவிட் பட்லர் ஆகியோர் இந்த முறையை இந்தியச் சூழலுக்கு ஏற்றபடி செப்பனிட்டார்கள். எதிர்க்கட்சிகள் எவ்வளவு ஒன்றுபட்டு நிற்கின்றன என்பதற்கு ஒரு குறியீட்டெண்ணையும் அவர்கள் சேர்த்தது முக்கியமான பங்களிப்பு. ஏனென்றால் நம் நாட்டில் ஓட்டு மாறாமலேயே, அது பிரிந்து கிடப்பதா சேர்ந்து கிடப்பதா என்பதை வைத்தே ஆட்சி மாறும்.

2004 இதற்கு அழுத்தமான சாட்சி. முந்தைய டிசம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் மூன்றிலும் பா.ஜ.க. ஜெயித்திருந்தது. ‘இந்தியா ஒளிர்கிறது’ விளம்பரம் எங்கும் ஓடியது. கணிப்புகளும் தெம்பு கொடுத்தன. தேர்தலைச் சில மாதம் முன்கூட்டியே நடத்த வாஜ்பாய் அரசு முடிவெடுத்தது. முடிவு வந்தபோது காங்கிரஸ் 145, பா.ஜ.க. 138. அந்த வீழ்ச்சியில் பெரிய துண்டு தமிழ்நாடு. 1999இல் தி.மு.க.வோடு சேர்ந்து தே.ஜ. கூட்டணி இங்கே 26 இடம் பிடித்திருந்தது. 2003 கடைசியில் தி.மு.க. வெளியேறியது, காங்கிரஸ், பா.ம.க., ம.தி.மு.க., இடதுசாரிகளோடு அணி அமைத்தது. 39க்கு 39 வென்றது. இந்த மாற்றத்தை ஊகிக்க வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டியதுகூட இல்லை. பழைய ஓட்டுக் கணக்கைப் புதிய கூட்டணிப்படி அடுக்கிப் பார்த்திருந்தாலே பாதி தெரிந்திருக்கும்.

ஆனால் தமிழ்நாட்டில் அந்த அடுக்கலே எவ்வளவு சிரமம் என்பதற்கு தே.மு.தி.க. ஒன்றை மட்டும் பாருங்கள். 2011இல் அ.தி.மு.க.வுடன், 2014இல் பா.ஜ.க.வுடன், 2016இல் மக்கள் நலக் கூட்டணியுடன், 2019இல் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் இருந்த அணியில், 2021இல் அ.ம.மு.க.வுடன், 2024இல் மறுபடி அ.தி.மு.க.வுடன். ஆறு தேர்தலில் இப்படி என்றால், ‘போன தேர்தலில் இந்தத் தொகுதியில் இவர்களுக்கு இத்தனை’ என்ற அடித்தளமே ஆட்டம் காண்கிறது. டெல்லியில் உட்கார்ந்து கணக்குப் போடுபவருக்கு இது ஒரு வரி. ஊரில் இருப்பவருக்கு அது ஒவ்வொரு கிளைச் செயலாளரின் மனக்கசப்பு, யார் வேலை செய்தார்கள் யார் வீட்டில் படுத்துக்கொண்டார்கள் என்ற விவரம்.

2016 சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். டுடேஸ் சாணக்யா தி.மு.க. அணிக்கு 140 என்றது. ஆக்சிஸும் தி.மு.க. ஆட்சி என்றது. சி-வோட்டர் இதற்கு மாறாக அ.தி.மு.க.வுக்கு 139 கொடுத்தது. வாக்குப்பதிவு நடந்த 232 தொகுதிகளில் அ.தி.மு.க. 134 வென்றது. தி.மு.க. அணிக்கு 98. வாக்கு வித்தியாசமோ இரண்டு அணிகளுக்கும் இடையே ஏறக்குறைய ஒரே ஒரு சதவீதப் புள்ளி. ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. மூன்று புள்ளி பிழைக்கு இடம் உள்ள ஒரு கருவியை வைத்து ஒரு புள்ளி இடைவெளியை அளக்கப் போனதால் வந்த விபரீதம் அது. நேர்மையான கணிப்பாளர் அன்று சொல்லியிருக்க வேண்டியது ‘யார் வேண்டுமானாலும் வரலாம்’ என்பதுதான். ஆனால் அதைச் சொல்ல எந்தச் சேனலும் பணம் கொடுத்து ஆள் வைப்பதில்லை. சரியாகச் சொன்ன சி-வோட்டருக்கும் இதே தர்க்கம் பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. இப்படி நெருக்கமான போட்டியில் சரியாக வந்த எண்ணில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு.

தேசிய அளவில் 2019ஐயும் 2024ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பா.ஜ.க.வின் வாக்கு ஒரு சதவீதப் புள்ளிக்கும் குறைவாகவே இறங்கியது. இடங்கள் 303இலிருந்து 240 ஆயின. உத்தரப் பிரதேசத்தில் 41 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கியும் 80இல் 33தான் கிடைத்தது. சமாஜ்வாதி, காங்கிரஸ் இரண்டும் சேர்ந்து நின்றதால் எதிர்ப்பக்கம் ஓட்டு ஒருமுகப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டில் நேர்மாறு. தி.மு.க. அணிக்கு சுமார் 47 சதவீதம், அ.தி.மு.க. அணிக்கு 23, பா.ஜ.க. அணிக்கு 18. எதிர்ப்பு ஓட்டு இரண்டாகப் பிரிந்ததால் 39 இடமும் ஒரே அணிக்குப் போனது. பா.ஜ.க. அணிக்கு ஓட்டு ஏறும் என்று கணித்தவர்கள் சொன்னது தவறில்லை. அதற்காக இரண்டு முதல் நான்கு இடம் வரை கொடுத்தார்களே, அங்கேதான் கணக்கு உடைந்தது.

பதில் சொல்லாதவர்களின் ஓட்டு

வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வந்தால் நம் ஊரில் என்ன பதில் கிடைக்கும்? ‘உங்களுக்குத்தான்யா போடுவோம்’ என்றுதான். அடுத்த அரை மணி நேரத்தில் எதிர்க்கட்சி வேட்பாளர் வந்தாலும் அதே வாசலில் அதே பதில், அதே ஆரத்தி. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வந்தவரின் முகத்தை முறிக்காமல் அனுப்புவது இங்கே பண்பு. ஓட்டை வெளியே சொல்லாமல் இருப்பது பாதுகாப்பு. கையில் செல்போனும் கழுத்தில் அடையாள அட்டையும் மாட்டிக்கொண்டு முன்பின் தெரியாத ஒரு இளைஞர் வந்து ‘யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?’ என்றால், அவரை எந்தக் கட்சி அனுப்பியது என்பதுதான் முதல் யோசனையாக ஓடும். ரேஷன், நூறு நாள் வேலை, வீட்டுத் திட்டம் இவற்றை நம்பி வாழும் குடும்பத்துக்கு அந்த யோசனை இன்னும் கனமானது.

கேட்கும் இடமும் பதிலை மாற்றும். வாக்குச்சாவடிக்கு வெளியே, கட்சிக்காரர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கும் தெருவில் நிறுத்திக் கேட்டால் ஒரு பதில். வீட்டுக்குள் தனியாகக் கேட்டால் இன்னொன்று. கணவர் பக்கத்தில் நிற்கும்போது பெண்கள் சொல்வது வேறு, இல்லாதபோது சொல்வது வேறு. ஊர்த் தெருவோடு வேலையை முடித்துக்கொண்டு காலனிப் பக்கம் போகாமலே படிவத்தை நிரப்பும் களப்பணியாளரால் ஒரு சமூகமே கணக்கிலிருந்து விழுந்துவிடும். உத்தரப் பிரதேசத்தில் 2024இல் நடந்ததை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ‘இந்த முறை 400’ என்ற முழக்கம், அரசியல் சாசனத்தையும் இடஒதுக்கீட்டையும் மாற்றத்தானோ என்ற அச்சத்தைத் தலித் மக்களிடம் கிளப்பியது. அயோத்தி அடங்கிய ஃபைசாபாத் பொதுத் தொகுதியில் சமாஜ்வாதி நிறுத்திய தலித் வேட்பாளர் அவதேஷ் பிரசாத் பா.ஜ.க.வைத் தோற்கடித்தார். இந்த அசைவை எக்சிட் போல்களின் பெரிய எண்கள் பிடிக்கவே இல்லை.

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லை. டெல்லியில் 1963இல் ரஜனி கோத்தாரி தொடங்கிய சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையத்தின் லோக்நீதி குழு, வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர் எடுத்து, அந்தக் குறிப்பிட்ட நபரின் வீட்டுக்கே போகிறது. யாருக்கு ஓட்டு என்ற கேள்வி வரும்போது மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, குறியிட்டு மடித்துப் பெட்டியில் போடச் சொல்கிறது. வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் என்றானதும் பலருக்குத் தயக்கம் குறைகிறது. இப்படிச் செய்யப் பணமும் நேரமும் நிறைய ஆகும். மாலை ஆறரைக்கு அவசரமாக எண் வேண்டும் என்று நிற்கும் சேனலுக்கு அது ஒத்துவராது.

பிரிட்டனில் அந்த அவசரமும் இருக்கிறது, நம்பகமும் இருக்கிறது. பிபிசி, ஐடிவி, ஸ்கை மூன்றும் சேர்ந்து ஒரே எக்சிட் போல் நடத்துகின்றன. சுமார் 130 வாக்குச்சாவடிகளில், ஓட்டுப் போட்டுவிட்டு வருபவர்கள் மாதிரிச் சீட்டில் மறுபடி ரகசியமாகக் குறியிட்டுப் பெட்டியில் போடுகிறார்கள். கூடியவரை போன தேர்தலில் நின்ற அதே சாவடிகளிலேயே நிற்பதால், எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை நேராக அளக்க முடிகிறது. 2019இல் கன்சர்வேடிவ் கட்சிக்கு 368 என்றார்கள், வந்தது 365. 2024இல் லேபர் கட்சிக்கு 410 என்றார்கள், வந்தது 411. அங்கே தொகுதிக் கூட்டணிகள் இவ்வளவு குழப்பமில்லை, சாதிக் கணக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் போட்டி நிறுவனங்கள் செலவைப் பகிர்ந்து ஒரே வேலையை ஒழுங்காகச் செய்கின்றன என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

கட்சிகள் இதை எப்படிப் பயன்படுத்துகின்றன

நாம் டிவியில் பார்ப்பது கணிப்புத் தொழிலின் வெளிச்சுவர் மட்டும். கட்சிகள் தங்களுக்காக நடத்திக்கொள்ளும் சர்வேக்கள்தான் அரசியலை அதிகம் நகர்த்துகின்றன, அவை வெளியே வருவதே இல்லை. 2021 தேர்தலுக்காகப் பிரசாந்த் கிஷோரின் தேர்தல் ஆலோசனை நிறுவனமான ஐ-பேக்குடன் கைகோத்திருப்பதை மு.க. ஸ்டாலின் 2020 பிப்ரவரியில் வெளிப்படையாகவே அறிவித்தார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் சர்வே டீம் இல்லாத பெரிய கட்சி இல்லை என்ற நிலை. எந்தத் தொகுதியில் யாருக்கு சீட், யாருக்கு இந்த முறை இல்லை, எந்த வாக்குறுதி வீட்டுப் பெண்களிடம் எடுபடுகிறது என்பதையெல்லாம் இந்த ஆய்வுகள் தீர்மானிக்கின்றன. ஆளும்கட்சிக்கு இதற்கு மேல் உளவுத்துறை ரிப்போர்ட் என்ற இன்னொரு வழியும் உண்டு. முப்பது வருடம் கட்சியில் உழைத்த ஒன்றியச் செயலாளரின் கணிப்புக்கு இருந்த மதிப்பு, இப்போது டேப்லெட்டோடு வரும் பையனின் தரவுக்குப் போய்விட்டது. இது முழுக்கக் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். மாவட்டச் செயலாளரின் தயவு இல்லாதவருக்கும் சில நேரம் இதனால் வாய்ப்பு வருகிறது. ஆனால் மக்களிடமிருந்து எடுத்த தகவல் மக்களுக்குத் தெரியாமலே ஒரு கட்சியின் சொத்தாகிவிடுகிறது.

கூட்டணிப் பேச்சில் இது ஆயுதம். ‘உங்களுக்கு இத்தனை சதவீதம்தான் இருக்கு, எங்க சர்வே சொல்லுது’ என்று பெரிய கட்சி சொன்னால், அந்த சர்வேயைச் சின்னக் கட்சி சரிபார்க்க முடியாது. அதே நேரம் தனக்குச் சாதகமான பகுதியை மட்டும் பத்திரிகைக்குக் கசியவிடுவதும் நடக்கிறது. மூன்றாவதாக, நான்காவதாக நிற்கும் கட்சிகளுக்குத்தான் இதில் அடி பலமாக விழுகிறது. ‘ஜெயிக்கிற கட்சிக்குப் போடுவோம், ஓட்டை ஏன் வீணாக்கணும்’ என்று நினைக்கும் வாக்காளர் நம் ஊரில் கணிசம். ஒரு கட்சியைத் திரையில் ‘மற்றவை’ என்ற பெட்டிக்குள் தள்ளிவிட்டால், அதன் பூத் ஏஜெண்டுக்கு ஆள் கிடைப்பதே சிரமமாகிவிடும்.

நேர்மைக் கேள்வியும் புதிதல்ல. 2014 பிப்ரவரியில் ஒரு ஹிந்திச் சேனல் ரகசியக் கேமராவோடு போய், பணம் கொடுத்தால் பிழை வரம்பைச் சாக்காக வைத்து எண்களைக் கூட்டிக் குறைக்கப் பல நிறுவனங்கள் தயாராக இருப்பதாகக் காட்டியது. 2015 பீகார் தேர்தலில் வேறு விதம். நிதிஷ், லாலு கூட்டணிக்கு 169 முதல் 183 வரை என்று ஆக்சிஸ் சொன்ன கணிப்பை, அதை நடத்தச் சொன்ன சேனல் ஒளிபரப்பவே இல்லை. மற்றவர்கள் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை என்ற தயக்கமே காரணம் என்று அப்போது பேசப்பட்டது. கூட்டணிக்குக் கிடைத்தது 178. எல்லா நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொன்னால் அது உறுதியான சேதி என்று நாம் நினைக்கிறோம். தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயமும் ஒரே எண்ணை உண்டாக்கும். இவை போதாதென்று, வாட்ஸ்அப்பில் சுற்றும் போலிக் கணிப்புகள் தனி. இந்தியாவில் தேர்தல் கணிப்பு நடத்துவதில்லை என்று பிபிசி பலமுறை மறுத்தும், அதன் பெயரில் எண்கள் சுற்றிக்கொண்டேதான் இருக்கின்றன.

சட்டம் எங்கே நிற்கிறது

1998இல் தேர்தல் ஆணையம் கருத்துக்கணிப்புக்கும் எக்சிட் போலுக்கும் கட்டுப்பாடு விதித்து நெறிமுறை வெளியிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டத்தின் துணை இல்லாமல் ஆணையம் இதை நடைமுறைப்படுத்த முடியாது என்ற நிலை வந்ததும் 1999இல் அது திரும்பப் பெறப்பட்டது. பத்து வருடம் கழித்துத்தான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 126ஏ பிரிவு சேர்க்கப்பட்டு 2010 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எல்லா மாநிலங்களிலும் வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும் வரை எக்சிட் போல் வெளியிடக் கூடாது. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். ஆறரை மணிக் கணக்கு அங்கிருந்து வருவதுதான். தேர்தலுக்கு முந்தைய கருத்துக்கணிப்புக்கு, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் தொலைக்காட்சி போன்ற ஊடகங்களில் மட்டும் தடை.

முழுத் தடை கேட்பவர்கள் யார் என்று பார்த்தால் கொள்கை தெரியாது, அந்த நேரத்து நிலைமைதான் தெரியும். 2013இல் ஆணையம் கருத்துக் கேட்டபோது, கணிப்புகளில் பின்தங்கியிருந்த காங்கிரஸ் கட்டுப்பாட்டை ஆதரித்தது. முன்னணியில் இருந்த பா.ஜ.க. எதிர்த்தது. தடை வந்தாலும் கட்சிகளின் ரகசிய சர்வே நிற்காது, தேர்தல் முடிவு மீது பந்தயம் கட்டும் சட்டா பஜார் நிற்காது, வாட்ஸ்அப் நிற்காது. வெளிச்சத்தில் இருப்பது மட்டும் அணையும்.

சட்டம் எப்போது சொல்லலாம் என்பதைப் பற்றித்தான் பேசுகிறது. எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைத் தொடவே இல்லை. யார் பணம் கொடுத்தார்கள், எத்தனை பேரை எந்த நாட்களில் கேட்டார்கள், நேரிலா போனிலா, எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள், கேள்வியின் சரியான வாசகம் என்ன, ஓட்டை சீட்டாக மாற்றியது எந்தச் சூத்திரத்தால் என்று எதையும் வெளியிட வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. நடத்திய நிறுவனம், பணம் கொடுத்தவர், மாதிரியின் அளவு, முறை, பிழை வரம்பு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்று பிரஸ் கவுன்சில் 1996லேயே பத்திரிகைகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. அது அறிவுரை அளவிலேயே நின்றுவிட்டது. பிரிட்டனில் 2004இல் கணிப்பு நிறுவனங்களே ஒரு கவுன்சில் அமைத்து, வெளியிட்ட இரண்டு வேலை நாட்களுக்குள் முழு அட்டவணைகளையும் பொதுவில் வைக்க வேண்டும் என்று தங்களுக்குள் விதி போட்டுக்கொண்டன. 2015 தேர்தலில் அங்கே எல்லாருமே தவறியபோது, தனிக்குழு அமைத்து, எடுத்த மாதிரியே பிரதிநிதித்துவம் இல்லாமல் போனதுதான் காரணம் என்று அறிக்கை கொடுக்கவும் முடிந்தது. இங்கே 2024 ஜூனில் அவ்வளவு பெரிய தவறு நடந்தும் அதே போன்ற பொது விசாரணை எதுவும் நடக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் ஹரியானாவில் காங்கிரஸ் என்று கணிப்புகள் சொல்ல, 90இல் 48 வென்று பா.ஜ.க. ஆட்சியைத் தக்கவைத்தது. அடுத்த சில நாளில், கணிப்பு நிறுவனங்கள் சுயபரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் ராஜீவ் குமார் பேட்டியில் சொன்னார். சுயபரிசோதனை போதாது. 126ஏ பிரிவோடு ஒரு வெளிப்படைத்தன்மை விதியைச் சேர்த்து, மேலே சொன்ன விவரங்கள் இல்லாத கணிப்பை ஒளிபரப்பக் கூடாது என்றாக்கினால் பாதிக் கடைகள் தாமாகவே மூடிக்கொள்ளும்.

கேட்கத் தவறியது

2024 ஏப்ரலில், தேர்தல் தொடங்கும் முன்பே, லோக்நீதி ஒரு ஆய்வை வெளியிட்டது. 19 மாநிலங்களில் சுமார் 10,000 பேர். வேலை கிடைப்பது முன்பைவிடக் கடினமாகிவிட்டது என்று 62 சதவீதம் பேர் சொன்னார்கள். முக்கியப் பிரச்சினை எது என்றதற்கு 27 சதவீதம் பேர் வேலையின்மை என்றார்கள், 23 சதவீதம் பேர் விலைவாசி என்றார்கள். அதே ஆய்வு பா.ஜ.க. அணிக்கு 12 புள்ளி முன்னிலையும் காட்டியது. அந்த முன்னிலை நிஜத்தில் அவ்வளவு இல்லை. ஆனால் மக்கள் எதில் நொந்துபோயிருக்கிறார்கள் என்ற பகுதி அப்படியே பலித்தது. விவாத மேடைகள் எடுத்துக்கொண்டது 12 புள்ளியை. வேலையைப் பற்றி அந்த 62 சதவீதம் சொன்னதை வைத்து ஒரு மணி நேர விவாதம் நடத்தியிருந்தால், ஜூன் 4ஆம் தேதி யாருக்கும் அவ்வளவு ஆச்சரியம் இருந்திருக்காது.

மக்கள் எதில் நொந்துபோயிருக்கிறார்கள் என்ற இந்த வகைக் கேள்விகளுக்குத்தான் கருத்துக்கணிப்பு உண்மையிலேயே வேண்டும், அதுவும் தேர்தல் இல்லாத வருடங்களில். மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய், முதல் கட்டத்தில் ஒரு கோடிப் பெண்களுக்கு மேல். யாருக்குக் கிடைத்தது என்பது அரசிடம் பட்டியலாக இருக்கிறது. தகுதி இருந்தும் விடுபட்டவர்கள் யார், எந்த மாவட்டத்தில், விண்ணப்பத்தின் எந்தப் படியில் தட்டிவிடப்பட்டார்கள், அந்தப் பணம் வீட்டில் யார் கையில் நிற்கிறது என்பதைப் போய்க் கேட்டால்தான் தெரியும். நீட், டாஸ்மாக், மின் கட்டணம், அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா என்ற முடிவு, இவை ஒவ்வொன்றிலும் ‘மக்கள் இப்படி நினைக்கிறார்கள்’ என்று எல்லாக் கட்சியும் அடித்துப் பேசுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூவாயிரம் பேரிடம், வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்து, காலனியையும் மலைக்கிராமத்தையும் விடாமல், பெண்களிடம் பெண்களே கேட்டு, விடைத்தாள்களைப் பெயர் நீக்கி இணையத்தில் போட்டுவிடும் ஒரு ஆய்வை இங்கே எந்தப் பல்கலைக்கழகமும் தொடங்கலாம். புள்ளியியல் துறையும் சமூகப்பணித் துறையும் ஒரே வளாகத்தில் உள்ள பல்கலைக்கழகங்கள் நம்மிடம் உண்டு. வருடா வருடம் களப்பயிற்சிக்கு மாணவர்களை அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. ஒரு பெரிய கட்சி ஒரு தொகுதி இடைத்தேர்தலுக்குச் செலவழிப்பதில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது.